கரட்டூரில் முகங்கள் அழிந்த வருஷம்

கரட்டூரில் முதலில் அழிந்தது கோகிலவாணியின் இடது புருவம்தான் என்று கீழத்தெருக்காரர்கள் சொல்வார்கள். இல்லவே இல்லை, எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் சம்சாரத்தின் மூக்குத்தான் முதலில் போனது என்று மேலத்தெருக்காரர்கள் மல்லுக்கு வருவார்கள். எது முந்தினால் என்ன, ஆடிக்காற்று அடங்குவதற்குள் ஊரில் பாதிப் பேருக்கு முகத்தில் ஏதாவது ஒன்று காணாமல் போயிருந்தது. ரத்தமில்லை, வலியில்லை, காய்ச்சல்கூட இல்லை. காலையில் முகம் கழுவித் துண்டில் துடைத்தால், ஈரத்துணி பட்ட சிலேட்டு மாதிரி அந்த இடம் மட்டும் வழவழவென்று இருக்கும், அவ்வளவுதான். கண் அழிந்தவர்களுக்குப் பார்வை போகவில்லை, வாய் அழிந்தவர்கள் பட்டினியும் கிடக்கவில்லை, பேச்சையும் விடவில்லை, மூக்கு அழிந்தவர்களுக்கு அடுத்த வீட்டுக் கருவாட்டுக் குழம்பு முன்னைவிடத் தெளிவாகவே மணத்தது. அழிந்ததெல்லாம் அடுத்தவர் பார்ப்பதற்கென்று முகத்தில் இருந்த பங்கு மட்டும்தான். ஆகவே ஊர் பயப்படவில்லை, சலித்துக்கொண்டது.

கரட்டூர் விசைத்தறி ஊர். தொட்டில் பிள்ளைகள் தறிச் சத்தத்தில்தான் தூங்கும், கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் வீறிட்டு எழும். தறிப்பட்டறைக்குள் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்துத் தறிக்காரிக்குக் கேட்காது என்பதால், அந்த ஊர் ஆணும் பெண்ணும் சத்தத்தை விட்டுவிட்டு உதட்டையும் புருவத்தையும் அசைத்துப் பேசப் பழகியிருந்தார்கள். ஒரு புருவம் ஏறினால் நூல் அறுந்துவிட்டது, இரண்டும் ஏறினால் முதலாளி வருகிறார், உதடு ஒரு பக்கம் சுழித்தால் முதலாளி போய்விட்டார். பட்டறையில் பழகியது வீட்டுக்கும் கூடவே வந்துவிடும், சோறு போடுவதும் சண்டை போடுவதும் கொஞ்சுவதும் பாதிக்கு மேல் சத்தமில்லாமலே நடக்கும். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் முதலில் ஊமை வீட்டில் தள்ளிவிட்டார்களே என்று அழுதுவிட்டு, வருஷம் திரும்புவதற்குள் அவர்களும் உதட்டை அசைக்க ஆரம்பித்துவிடுவார்கள். காது கம்மல் போடுவதற்கு, கேட்பதற்குக் கண் என்பதுதான் கரட்டூர் வழக்கம், ஆகையால் ஒருத்தரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்றால் அவர் சொன்னது ஒன்றும் வந்து சேரவில்லை என்று பொருள், அதைவிடப் பெரிய அவமரியாதை அங்கே கிடையாது.

அப்படிப்பட்ட ஊரில்தான் பிள்ளைகள் தலை குனிந்தார்கள். குனிந்த தலை நிமிராத பெண் என்று ஒரு காலத்தில் பெண் பார்க்க வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்வார்கள். இப்போது ஆணும் பெண்ணுமாக அத்தனை இளசுகளும் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் இருந்தார்கள், பெருமைப்படத்தான் ஆளில்லை. பேருந்து நிறுத்தத்தில், கல்லூரி வேனில், கோயில் வரிசையில், பந்தியில் இலைக்கு முன்னால், புதுப்பெண்டாட்டிக்குப் பக்கத்தில், எங்கே பார்த்தாலும் நெற்றியும் உச்சி வகிடும்தான் தெரிந்தன. பெற்றவர்கள் உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தார்கள், பிறகு சத்தமாகச் சொல்லிப் பார்த்தார்கள், பிறகு சொல்வதைக் குறைத்துக்கொண்டார்கள்.

கோகிலவாணி வீட்டிலும் அதே கதைதான். வீட்டில் அவளும் மகள் மிதுனாவும் மட்டும். புருஷன் வேலுச்சாமி தறியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்காமலே போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடங்களைப் பூட்டிவிட்டுப் பாடத்தைச் செல்போனில் நடத்திய காலத்தில், மகள் படிப்புக் கெட்டுவிடக் கூடாது என்று அந்த மனுஷன்தான் முதல் போனை வாங்கிவந்து பூச்சூட்டுவது மாதிரி மகள் கையில் கொடுத்தார். இப்போது மிதுனா கல்லூரியில் இரண்டாம் வருஷம். இடது புருவம் போன அன்று கோகிலவாணி பட்டறையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கட்டிலுக்கு முன்னால் போய் நின்று உதட்டை அசைத்தாள், மகள் பார்க்கவில்லை என்றதும் வாய்விட்டே சொன்னாள்.

"கண்ணு, என்ற புருவம் போயிருச்சு."

"ம்."

"இடது பக்கத்துப் புருவம்."

"வேற வாங்கிக்கலாம்மா," என்றாள் மிதுனா, கட்டைவிரல் நகர்ந்துகொண்டே இருந்தது.

கோகிலவாணிக்குச் சிரிப்புத்தான் வந்தது, அழுகை வலது புருவமும் போன பிறகுதான் வந்தது.

ஊர் என்ன செய்தது என்று கேட்டால், எல்லா ஊரும் செய்வதைத்தான் செய்தது, பழகிக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்தார்கள், தின்றவர்களுக்கு நன்றாகப் பசித்தது. மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்ணும் மூக்கும் தட்டி உண்டியலில் போட்டார்கள், அம்மன் வாங்கிக்கொண்டாள், வேறொன்றும் சொல்லவில்லை. அழகு நிலையக்காரி காலையில் புருவம் வரைந்து அனுப்புவாள், வியர்த்தால் சாயங்காலத்துக்குள் கரைந்து கன்னத்துக்கு வந்துவிடும். தறி முதலாளி நாச்சிமுத்து, யார் எவர் என்று தெரியாமல் தடுமாறிப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு நிறத்தில் துண்டு வாங்கிக் கொடுத்தார். நாளடைவில் பச்சைத் துண்டு, ரோஸ் துண்டு என்பதே பேராகிவிட்டது, கல்யாணப் பத்திரிகையில்கூட அடைப்புக்குறிக்குள் துண்டின் நிறத்தைப் போட்டார்கள். ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் போதும் என்பதால் அங்கே ஒரு குழப்பமும் இல்லை.

குழப்பம் வந்தது ஒரே மாதிரிச் சேலை கட்டிய இரண்டு பெண்களால்தான். இரண்டு பேருக்கும் முகம் முழுசாக அழிந்திருந்தது, இரண்டு பேரும் தீபாவளித் தள்ளுபடியில் ஒரே கடையில் எடுத்த அதே மஞ்சள் சேலையைக் கட்டியிருந்தார்கள், இருட்டு கட்டிய மழைச் சாயங்காலத்தில் அக்கம்பக்கத்துக்காரிகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இவளை அவள் வீட்டிலும் அவளை இவள் வீட்டிலும் விட்டுவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் போன இடத்தில் ஒரு பையன் போனைப் பார்த்துக்கொண்டே தட்டை நீட்டினான், பசித்திருக்கும் பிள்ளைக்கு யார் போட்டால் என்ன என்று அவளும் சோற்றைப் போட்டாள், தன் மகன் தேடி வருவானா பார்க்கலாம் என்று இருந்தாள். ஒரு வாரம்போல அப்படியே போயிற்று, ஒரு மகனும் தேடி வரவில்லை. கடைசியில் இரண்டு அம்மாக்களும் குழாயடியில் சந்தித்துக்கொண்டபோது ஒருத்தி ஓவென்று அழுதாள். இன்னொருத்தி, "உன்ற மகன் குழம்பு நல்லாருக்குதுன்னு ஒருக்காச் சொன்னான், இன்னும் ரெண்டு நாளைக்கு இருந்துட்டு வந்தர்றேனே," என்று கெஞ்சினாள். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த ஊர், சிரித்து முடித்ததும் தன் தன் வீட்டுப் பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டது.

பெரியவர்கள்தான் அழிந்தார்கள் என்றில்லை. பேக்கரி முன்னால் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் ஐந்து சிநேகிதர்களுக்கும் முகம் முழுசாகப் போய்விட்டது, ஒருத்தனை ஒருத்தன் பார்ப்பதே இல்லை என்பதால் ஐந்து பேருக்குமே அது தெரியவில்லை, செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் அது தானாகவே ஒரு முகத்தை ஒட்டி அனுப்பிவிடும். டீ கொண்டுபோய் வைக்கிறவர் ஒவ்வொருத்தனுக்கும் முன்பக்கம் எது என்று யோசித்துத்தான் தம்ளரை வைப்பார். முகமில்லாத அம்மாவை, முகமில்லாத அத்தையை வீடியோ எடுத்துப் போட்ட பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் லைக் விழுந்தது. சீமையிலிருந்தெல்லாம் பார்த்தார்கள், பார்த்தவர்கள் என்ன ஃபில்டர் இது என்று கேட்டார்கள். ஆனால் அத்தனை பேர் பார்த்தும் ஒரு இமைமயிர் திரும்பி வரவில்லை, கண்ணாடிச்சில்லு வழியாகப் பார்ப்பது கணக்கில் சேராது என்று ஊருக்கு அப்போதுதான் புரிந்தது.

காரணத்தை யாரும் ஜோசியம் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. பால்குடிப் பிள்ளை வைத்திருக்கும் பெண்களுக்கு மட்டும் முகத்தில் ஒரு மயிரிழை குறையவில்லை என்பதைக் குழாயடியில் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். மடியில் கிடந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறதே அந்தப் பிள்ளை, அந்தப் பார்வைதான் முகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, சொந்த வீட்டு ஆள் பார்க்காத முகம் அழிகிறது. தெரிந்த பிறகு என்ன செய்துவிட முடியும், சில பேர் பிள்ளைகளை அடித்தார்கள், சில பேர் போனைப் பிடுங்கினார்கள். அடி வாங்கிய பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்கள்.

போனது திரும்பி வரும் என்பது லாரி டிரைவர் மாரப்பனால் தெரிந்தது. அவன் வடக்கே எங்கேயோ பாலத்தில் நின்று ஆற்றை எட்டிப் பார்த்தபோது சட்டைப்பை போன் தண்ணீரில் விழுந்துவிட, கைவீசிக்கொண்டு வீடு வந்தவன், வேறு வேலை இல்லாததால் பெண்டாட்டி சிவகாமிக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெகு காலத்துக்குப் பிறகு அவளை நன்றாகப் பார்த்தான். ஊரில் நடந்தது ஒன்றும் அவனுக்குத் தெரியாது.

"ஏன்டி, வாயோரத்துல மச்சம் ஒண்ணு இருக்குமே, எங்கடி?" என்றான்.

கேட்ட மாத்திரத்தில் மச்சம் வந்து உட்கார்ந்தது. பிறகு மூக்கைக் கேட்டான், கண்ணைக் கேட்டான், தூக்கத்தில் லேசாகத் திறந்தே இருக்கும் மேலுதட்டைக் கேட்டான், ஒவ்வொன்றாக அவள் அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்க்க, வெட்கத்தில் சிவகாமி வந்த முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து கரட்டூரில் முகம் சொல்வது என்றொரு சடங்கு வந்துவிட்டது. எதிரெதிராக உட்கார வேண்டும், சொந்த வீட்டு ஆள் சொல்ல வேண்டும், தன் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பார்த்ததைச் சொன்னால் வரும், பார்க்காததைச் சொன்னால் வராது, மறந்துபோய் மாற்றிச் சொன்னால் மாறித்தான் வரும். ஒருத்திக்கு அவள் தங்கச்சி மூக்கு வந்துவிட்டது. ஒரு பையன் என்ன சொல்வதென்று தெரியாமல் முழித்துவிட்டு ஏதோ நடிகையின் கண்ணைச் சொல்லிவிட, அவன் அம்மா அறுபது வயதில் மை தீட்டிய கண்ணோடு காய்கறி வாங்கப் போனாள். கல்யாண ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் மாதிரி ஒப்பித்தவனுக்கு ஒன்றுமே வரவில்லை. முகம் சொல்லப் பயந்துகொண்டு வீட்டுக்கே வராத பிள்ளைகளும் இருந்தார்கள், ஏனென்றால் உட்கார்ந்து வாயைத் திறந்தால்தானே தெரியும், எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று.

கோகிலவாணி மட்டும் மகளைக் கேட்கவில்லை. அதற்குள் அவளுக்குப் புருவமும் கண்ணும் மூக்கும் போய், வாய் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பக்கத்துத் தறி ருக்மணி, வயதில் மூத்தவள், வேலுச்சாமி போன நாளிலிருந்து கோகிலவாணியை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டே தறி ஓட்டியவள், உதட்டை அசைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"புள்ளையை உக்கார வெச்சு ஒருக்காக் கேளு கோகிலா."

"கேட்டு வாங்கற மூஞ்சியை வெச்சுட்டு நான் என்னுங்க்கா பண்றது?" என்று மிச்சமிருந்த உதடு பதில் சொல்லும். "அவளாப் பாக்கட்டும்."

"பாக்கறதுக்குள்ள வாயும் போயிருச்சுன்னா?"

"போகாதுங்க்கா. எம்புள்ளை பாப்பா."

மிதுனா கெட்ட பிள்ளை இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கரண்ட் பில், கேஸ், அம்மாவின் முட்டிவலித் தைலம் எல்லாம் அவள் போனிலேயே வீட்டுக்கு வந்துவிடும். அடுத்த அறையில் இருந்துகொண்டே அம்மாவின் போனுக்கு முத்தம் கொடுக்கிற பூனைப் படமும் சிவப்பு இதயமும் அனுப்புவாள். அப்பா போன அன்று அவள் அழுத அழுகையை யாரும் குறை சொல்ல முடியாது. கறுப்புக் கரை போட்ட அப்பா படத்தை ஸ்டேட்டஸில் வைத்தாள், ஆறுதல் சொன்ன அத்தனை பேருக்கும் குனிந்த தலையோடு கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பதில் எழுதினாள், காரியம் முடிகிற வரைக்கும் எழுதிக்கொண்டே இருந்தாள். அந்த நாட்களில் கோகிலவாணி எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் மகளுக்கு எதிரில் தட்டை வைத்துக்கொண்டு, ஒரு பிடி உருட்டி வைத்து, அவள் நிமிர்கிற நேரம் பார்த்துக் காத்திருப்பாள். நிமிர்ந்தால் சொல்வதற்கு ஒரு பெரிய விஷயமும் இல்லை, உங்கப்பா இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓடலை கண்ணு என்று உதட்டை அசைக்க வேண்டும், அவ்வளவுதான். சோறு காய்ந்துவிடும், கையைக் கழுவிக்கொள்வாள்.

வாய் ஒரு செவ்வாய்க்கிழமை போனது. துண்டில் துடைத்துவிட்டுத் தடவிப் பார்த்தவள் கண்ணாடிப் பக்கம் போகவில்லை, மாராப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எப்போதும்போல வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

காலை வேலை மும்முரத்தில், நூல் சுற்றிய தார்க்கட்டைகள் நிறைந்த கூடையை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு கோகிலவாணி வந்தபோது, ருக்மணியின் ரோஸ் துண்டின் முனை தறியின் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆடுவதைப் பார்த்தாள். ருக்மணியின் கை அந்தப் பக்கம் போகிறது. அக்கா, துண்டு, கையை எடு என்று கோகிலவாணி வயிற்றிலிருந்து கத்தினாள், அந்தச் சத்தம் தறிச் சத்தத்தில் கரைந்தது. ருக்மணி அவளைப் பார்த்தாள், அதுதான் கொடுமை, கோகிலவாணி எதையோ சொல்கிறாள் என்று உணர்ந்து நேருக்கு நேராக அவள் முகத்தைப் பார்த்தாள், அங்கே படிக்கிறதற்கு ஒரு எழுத்துகூட இல்லை, வெறும் தோல்தான் இருந்தது. கூடையைப் போட்டுவிட்டு இவள் கையை வீசுவதற்குள் சக்கரம் துண்டை இழுத்தது, துண்டோடு கையையும் இழுத்தது. ருக்மணிக்கு இரண்டு விரல் போய்விட்டது.

நாச்சிமுத்து நல்ல மனுஷன், கோபப்படவில்லை. "வாய் வந்ததுக்கு அப்புறம் தறிக்கு வா தாயி," என்றார். "மூக்கு இல்லாட்டிப் போகுது, கண்ணு இல்லாட்டிப் போகுது. வாய் இல்லாதவளைப் பட்டறைக்குள்ள விட்டா நாளைக்கு உசுரே போகும். சங்கடப்படாத."

ஆஸ்பத்திரியில் ருக்மணிக்குக் கட்டுப் போடுகிற வரைக்கும் இருந்துவிட்டு, சாயங்காலம் கோகிலவாணி வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் ருக்மணியின் கையே கண்ணில் நின்றது, கேட்டு வாங்க மாட்டேன் என்று பிடித்த வீம்புக்கு அடுத்தவள் விரலைக் கொடுத்துவிட்டு வருகிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உள்ளே போனதும் மிதுனாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள், பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை கையிலிருந்து அவள் எதையும் பிடுங்கியதில்லை.

"என்னையப் பாரு கண்ணு."

மிதுனா நிமிர்ந்தாள். எட்டி அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள்.

"மூஞ்சி எங்கம்மா... எப்பப் போச்சு?"

"ஆடியில ஆரம்பிச்சுது. சொன்னேன்ல."

"ரீல்ஸ்ல பாத்தேம்மா. எல்லாம் வேற அம்மாக்கள்னு நெனச்சேன்."

அதைக் கேட்டுக் கோகிலவாணிக்குக் கோபம் வரவில்லை, மகள் குரலில் இருந்த பயம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "பரவால்ல சாமி, உக்காரு," என்று பாயை விரித்தாள். "உனக்குத் தெரியுந்தான என்ற மூஞ்சி? நீ சொல்லு, வந்துரும்."

விஷயம் தெரிந்து அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்த ருக்மணி, கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எங்கே மாற்றிச் சொல்லிவிடுவாளோ என்று எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மிதுனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவுக்கு எதிரில் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.

"இடது புருவம் நடுவுல ஒரு வெட்டு இருக்கும். சின்ன வயசுல கெணத்து மேட்டுல விழுந்தது. அதை நான் விரல்ல தடவிட்டேதான் தூங்குவேன்."

புருவம் வந்தது, வெட்டோடு வந்தது. பொட்டு வைக்கும்போது அடுத்தவர் விரல் நெற்றியில் படுமே, அப்படி ஒரு ஜில்லிப்பு கோகிலவாணிக்குத் தெரிந்தது.

"வலது கண்ணுக்குள்ள மொளகு மாதிரி ஒரு புள்ளி. வெயில்ல பாத்தா அது தேன் கலரு."

கண் வந்தது. மிதுனா தடுமாறவே இல்லை, மூக்கின் நுனியை, பள்ளிக்கூடம் கிளம்பும்போது தனக்குப் பின்னலிடுகையில் அம்மா ஹேர்ப்பின்னைக் கவ்விக்கொள்ளும் கீழுதட்டை, அப்பா கேலி பண்ணினால் மட்டும் ஒரு பக்கக் கன்னத்தில் விழுகிற குழியை, ஒன்று விடாமல் சொன்னாள். பார்க்காத பிள்ளை என்று யார் சொன்னது, உயிரைக் கொடுத்துப் பார்த்து வைத்திருந்த பிள்ளைதான் என்று வாசலில் நின்றவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். கடைசியில் அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு மிதுனா தேம்பியபோது, கோகிலவாணிக்கு, அந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, உடம்பு லேசானது.

"ஏ கோகிலா, கண்ணாடியைப் பாரேன், பத்து வயசு கொறஞ்சு போச்சு," என்று ஒருத்தி கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

கோகிலவாணி கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் அதது அந்தந்த இடத்தில் இருந்தது. கன்னம் ஒட்டவில்லை, கண்ணுக்குக் கீழே கருப்பு இல்லை, உதட்டோரத்தில் கோடு இல்லை. வாசலில் மொபெட் சத்தம் கேட்டால் எழுந்து போய் இரவுச் சோற்றைச் சூடு பண்ணலாம் என்று காத்திருக்கிறவளின் முகம் அது. புருஷன் செத்தது தெரியாத முகம்.

அவள் கோடு இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பி, கேட்டைச் சாத்தினாயா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"கண்ணு, இது உங்கப்பா இருந்தப்ப இருந்த மூஞ்சி. உனக்குப் போனு வர்றதுக்கும் முந்தினது. அவரு போனதுக்கப்புறம் ஒருக்காக்கூட நீ என்னையப் பாக்கவே இல்லையா?"

வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். மிதுனா பதறிப்போய் அம்மாவை இழுத்து மறுபடி பாயில் உட்கார வைத்தாள்.

"இரும்மா, சொல்றேன். கண்ணுக்குக் கீழ கருப்பா... இங்க ஒரு கோடு..."

ஒன்றும் வரவில்லை. பார்க்காததை ஊகித்துச் சொன்னால் எப்படி வரும். ருக்மணிக்கு மனசு கேட்காமல், "கோடு அங்கில்ல அம்மிணி, மூக்கோரத்துல இருந்து தாடை வரைக்கும் எறங்கும், எளவு விழுந்த மூணாம் நாளு வந்த கோடு அது," என்று எடுத்துக் கொடுத்தாள். மிதுனா அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். கோகிலவாணி அப்போதெல்லாம் கண்ணை எவ்வளவு நேரம் கொட்டாமல் வைத்திருப்பாள் என்று ருக்மணி சொன்னாள், அதையும் திருப்பிச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தது எடுத்துக் கொடுத்ததாகவே நின்றது, எதிரே இருந்த முகம் அந்தப் பழைய நாளின் தெளிவோடு இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் கண்ணீர் வழிந்தது, ஆனால் அழுகிற முகமாக அது ஆகவில்லை.

"போதும் விடு கண்ணு," என்று கோகிலவாணி அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்தாள். "வாய் வந்துருச்சுல்ல, நாளைக்குத் தறிக்குப் போகோணும்." அடுப்படிக்குப் போய் அரிசி டப்பாவைத் திறந்து, போனை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, அரிசியை அளந்து போட்டாள்.

மிதுனா போனை எடுக்கப் போகவில்லை. ருக்மணிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள், முகத்தை நிமிர்த்தி அவள் உதட்டையே பார்த்தாள், கண்டறியாத ஊரில் செத்துப்போன சொந்தக்காரியைப் பற்றித் தாமதமாக வந்து விசாரிக்கிறவர்கள் கேட்பார்களே, அந்த மாதிரிக் கேட்டாள்.

"பெரிம்மா, அப்பா செத்த அன்னைக்கு எங்கம்மா எப்படி இருந்தாங்க?"

ருக்மணி அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு, உள்ளே இருப்பவளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, பட்டறையில் பேசுகிற மாதிரி சத்தமில்லாமல் உதட்டை அசைத்துச் சொல்லத் தொடங்கினாள். மிதுனா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கோகிலவாணி, புருஷன் செத்தது தெரியாத அந்த முகத்தோடு, இரண்டு பேருக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.